எலியின் முன்நெற்றிப் புறணி – தலாமசு நரம்பிணைப்புகள்

எலியின் முன்நெற்றிப் புறணிக்கும் தலாமசுக்கும் இடையிலான நரம்பிணைப்புகள் என்பவை, அவ்விலங்கின் மூளையில் இவ்விரு பகுதிகளையும் இரு திசைகளிலும் இணைக்கும் நரம்பிழைத் தொகுதிகளைக் குறிக்கும். தலாமசிலிருந்து புறணிக்குச் செல்லும் இழைகளும் புறணியிலிருந்து தலாமசுக்குத் திரும்பும் இழைகளும் சேர்ந்து ஒரு சுற்றுப்பாதையை உருவாக்குகின்றன. இச்சுற்றின் மையமாக விளங்குவது தலாமசின் நடுமுதுகுக் கருத்திரள் ஆகும். சற்றுமுன் நடந்ததைச் சிறிது நேரம் மனத்தில் இருத்துதல், ஒரு செயலின் பலன் மாறும்போது செயலையும் மாற்றிக்கொள்ளுதல், அச்சமூட்டிய நிகழ்வைப் பல நாட்களுக்குப் பின்னரும் நினைவுகூர்தல் ஆகியவற்றில் முன்நெற்றிப் புறணிக்கும் தலாமசுக்கும் இடையிலான பாதைகளுக்குப் பங்கு உண்டு.

இவ்விணைப்புகள் இரண்டு காரணங்களால் நரம்பியலில் தனி இடம் பெறுகின்றன. முதலாவதாக, எலிக்கு முன்நெற்றிப் புறணி உண்டு என்று கூறுவதற்கே இவ்விணைப்புதான் முதன்மைச் சான்றாகக் காட்டப்பட்டது. இரண்டாவதாக, தலாமசு என்பது புலன்களிலிருந்து வரும் செய்திகளைப் புறணிக்கு அனுப்பி வைக்கும் இடைநிலையம் மட்டுமே என்ற பழைய கருத்து மாறியதில் இவ்விணைப்பு பற்றிய ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இரு பகுதிகளின் அமைப்பு

வளர்ந்த ஆய்வக எலியின் மூளை ஏறத்தாழ 2 கிராம் எடையுள்ளது. அதில் சுமார் 20 கோடி நரம்பணுக்கள் உள்ளன. மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. எலி மூளையின் மேற்பரப்பு மனித மூளையைப் போல மடிப்புகள் கொண்டதன்று, பெரும்பாலும் வழவழப்பானது. ஆய்வகங்களில் பயன்படுத்தப்படும் எலி பழுப்பு எலி இனத்திலிருந்து வளர்க்கப்பட்டது. சுண்டெலி இதிலிருந்து வேறுபட்ட, உருவில் மிகச் சிறிய இனமாகும். இவ்விரண்டிலும் செய்யப்பட்ட ஆய்வுகளைப் பிரித்தறிவது அவசியம் என்பதால், இக்கட்டுரையில் சுண்டெலி ஆய்வுகள் அப்பெயராலேயே குறிப்பிடப்படுகின்றன.

எலியின் முன்நெற்றிப் புறணி மூன்று பெரும் பிரிவுகளாக விவரிக்கப்படுகிறது. இரு மூளை அரைக்கோளங்களும் ஒன்றையொன்று நோக்கும் உட்சுவரில் அமைந்திருப்பது நடுப்பிரிவு. இதில் மேலிருந்து கீழாக முன் சிங்குலேட்டு பகுதி, பிரிலிம்பிக் பகுதி, இன்ஃப்ராலிம்பிக் பகுதி ஆகியவை உள்ளன. மூளையின் முன்பகுதியில் அடிப்புறமாக, கண்குழிக்கு மேலே அமைந்திருப்பது கண்குழிப் பிரிவு. பக்கவாட்டில், முகர்வுப் பகுதியை எல்லையிட்டுக் காட்டும் ரைனல் பள்ளத்தை ஒட்டி இருப்பது இன்சுலாப் பிரிவு.

தலாமசு மூளையின் நடுவில், இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக அமைந்த முட்டை வடிவ நரம்பணுத் தொகுதி. ஒரே வகைப் பணியும் இணைப்பும் கொண்ட நரம்பணுக்கள் இதனுள் தனித்தனிக் கூட்டங்களாகத் திரண்டுள்ளன. இக்கூட்டங்களே கருத்திரள்கள் எனப்படுகின்றன. உயிரணுவின் உள்ளே இருக்கும் உட்கருவுடன் இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கண்ணிலிருந்து வரும் செய்திக்கு ஒரு கருத்திரள், காதிலிருந்து வரும் செய்திக்கு வேறொன்று என்று இவை பணிகளைப் பகிர்ந்துள்ளன. நடுக்கோட்டுக்கு அருகிலும் மேற்புறமாகவும் அமைந்துள்ள பெரிய கருத்திரளே நடுமுதுகுக் கருத்திரள். மீடியோடார்சல் நியூக்ளியசு என்ற பெயராலும் இது அறியப்படுகிறது.

வரையறையும் கருத்து வேறுபாடும்

செருமானிய நரம்பியலாளர் கோர்பினியன் புரோட்மன் 1909 ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், பெருமூளைப் புறணியை அதன் நரம்பணு அடுக்குகளின் அமைப்பைக் கொண்டு பகுதிகளாகப் பிரித்தார். மனிதரிலும் குரங்கிலும் நெற்றி மடலின் முன்பகுதியில் நான்காம் அடுக்கு சிறு மணிகள் போன்ற நரம்பணுக்கள் நிறைந்து தெளிவாகக் காணப்படுகிறது. எலியின் மூளையில் அவ்விடத்தில் இந்த மணியடுக்கு இல்லை. எனவே அடுக்கமைப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், எலிக்கு முன்நெற்றிப் புறணி இல்லை என்ற முடிவே கிடைக்கும்.

1948 ஆம் ஆண்டில் யெர்சி ரோசு, கிளின்டன் வூல்சி ஆகிய இருவரும் வேறோர் அளவுகோலை முன்வைத்தனர். முயல், செம்மறியாடு, பூனை ஆகிய மூன்று விலங்குகளில் நடுமுதுகுக் கருத்திரள் புறணியின் எப்பகுதியுடன் இணைந்துள்ளது என்று அவர்கள் ஆராய்ந்தனர். விலங்குக்கு விலங்கு புறணியின் தோற்றம் மாறினாலும், அக்கருத்திரளின் இழைகள் சென்று சேரும் பகுதியை ஒப்பிடத்தக்க பகுதியாகக் கொள்ளலாம் என்பது இவ்வணுகுமுறையின் சாரம். ஒரு பகுதியின் அடையாளத்தை அதன் தோற்றத்தைக் கொண்டு அல்லாமல், அது எதனுடன் இணைந்துள்ளது என்பதைக் கொண்டு தீர்மானிக்கும் முறை இது.

இம்முறையைப் பின்பற்றி, 1969 ஆம் ஆண்டில் கிறிசுடியானா லியோனார்டு எலியில் ஆய்வு செய்தார். நடுமுதுகுக் கருத்திரளைச் சிதைத்து, அங்கிருந்து புறப்பட்ட இழைகள் சிதைவடைந்து செல்லும் தடத்தை வெள்ளிச் சாயத்தால் அவர் கண்டறிந்தார். அத்தடம் இரண்டு இடங்களில் முடிந்தது. ஒன்று அரைக்கோளத்தின் உட்சுவர். மற்றொன்று ரைனல் பள்ளத்தின் மேற்கரை. இவ்விரண்டும் எலியின் முன்நெற்றிப் புறணி என அழைக்கப்படலாயின.

இந்த வரையறையை 1995 ஆம் ஆண்டில் டாட் புரூசு கடுமையாக மறுத்தார். நடுமுதுகுக் கருத்திரளின் இழைகள் குரங்கின் முன்நெற்றிப் புறணிக்கு மட்டும் செல்வதில்லை, அதற்கு வெளியே உள்ள பகுதிகளுக்கும் செல்கின்றன. ஆகவே அவ்விணைப்பு முன்நெற்றிப் புறணிக்கே உரிய தனி அடையாளம் ஆகாது என்பது அவரது வாதம். எலியின் உட்சுவர்ப் பகுதி, மனிதரிலும் குரங்கிலும் திட்டமிடலுடன் தொடர்புபடுத்தப்படும் நெற்றி மடலின் வெளிப்பக்கத்தைவிட, சிங்குலேட்டு பகுதியையே பெரிதும் ஒத்துள்ளது என்றும் அவர் சுட்டினார். 2003 ஆம் ஆண்டில் ஊலிங்சு, குரூனவேகன், கோல்பு ஆகியோர் இதே கேள்வியை மீண்டும் எடுத்தனர். இணைப்புகள், செயல்பாடுகள் எனப் பல சான்றுகளையும் ஒருசேரப் பார்த்தால், எலிக்கு முன்நெற்றிப் புறணி உண்டு. ஆனால் அது மனிதர், குரங்கு ஆகியவற்றினுடையதைப் போல விரிவாகப் பிரிவுபடவில்லை என்பது அவர்களின் முடிவு.

இக்கருத்து வேறுபாடு பெயரைப் பற்றியது மட்டும் அன்று. மனிதரின் மனநோய்களைப் புரிந்துகொள்ள எலிகளில் செய்யப்படும் ஆய்வுகள் பலவும், எலியின் உட்சுவர்ப் பகுதி மனித முன்நெற்றிப் புறணிக்கு ஏதோ ஒரு வகையில் நிகரானது என்ற எடுகோளின் மீதே நிற்கின்றன. அந்த நிகர்நிலை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பொறுத்தே அம்முடிவுகளை மனிதருக்குப் பொருத்த முடியும்.

தலாமசிலிருந்து புறணிக்கு

நடுமுதுகுக் கருத்திரள் ஒரே சீரான தொகுதி அன்று. எலியில் அது நடு, மைய, பக்கத் துண்டங்களாகப் பிரிந்துள்ளது. கிரெட்டெக், பிரைசு ஆகியோர் 1977 ஆம் ஆண்டிலும், குரூனவேகன் 1988 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள் ஒவ்வொரு துண்டமும் புறணியின் எப்பகுதியுடன் இணைகிறது என்பதை விரிவாகக் காட்டின. பொதுவாகச் சொன்னால் அவ்வமைப்பு பின்வருமாறு உள்ளது:

• நடுத்துண்டம் – பிரிலிம்பிக் பகுதிக்கும், இன்சுலாப் பிரிவின் ஒரு பகுதிக்கும் இழைகளை அனுப்புகிறது. உணர்ச்சியுடன் தொடர்புடைய அமிக்டலாவிலிருந்து செய்திகளைப் பெறுகிறது.

• மையத் துண்டம் – கண்குழிப் பிரிவின் பக்கப் பகுதிக்கு இழைகளை அனுப்புகிறது. முகர்வுப் புறணியிலிருந்து செய்திகளைப் பெறுகிறது.

• பக்கத் துண்டம் – முன் சிங்குலேட்டு பகுதிக்கும் அதற்கு மேலுள்ள இயக்கத் தொடர்புடைய பகுதிக்கும் இழைகளை அனுப்புகிறது. கண், தலை ஆகியவற்றின் அசைவுடன் தொடர்புடைய நடுமூளைப் பகுதிகளிலிருந்து செய்திகளைப் பெறுகிறது.

இவற்றுள் மையத் துண்டத்தின் இணைப்பு தனியாகக் கவனிக்கத்தக்கது. பார்வை, கேள்வி, தொடுகை, சுவை ஆகியவை தலாமசைக் கடந்தே புறணியை அடைகின்றன. முகர்வு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது தலாமசைத் தொடாமல் நேரடியாக முகர்வுப் புறணியை அடைகிறது. ஆனால் அங்கிருந்து கண்குழிப் பிரிவுக்குச் செல்ல நேர்வழி ஒன்றும், நடுமுதுகுக் கருத்திரள் வழியாகச் செல்லும் சுற்றுவழி ஒன்றும் உள்ளன. முகர்வையே பெரிதும் நம்பி வாழும் எலிக்கு இச்சுற்றுவழி முக்கியமானது.

புலன்களுக்குரிய புறணிப் பகுதிகளில் தலாமசு இழைகள் பெரும்பாலும் நான்காம் அடுக்கில் முடிகின்றன. எலியின் நடு முன்நெற்றிப் புறணியில் அந்த அடுக்கு இல்லாததால், நடுமுதுகுக் கருத்திரளின் இழைகள் முதன்மையாக மூன்றாம் அடுக்கிலும், ஓரளவு மேற்பரப்பில் உள்ள முதல் அடுக்கிலும் முடிகின்றன. அங்கே அவை கூம்பு வடிவ நரம்பணுக்களின் கிளைகளில் உள்ள சிறு முட்களில் சினாப்சுகளை ஏற்படுத்துகின்றன. இவ்விழைகள் வெளியிடும் வேதிப்பொருள் குளூட்டமேட்டு. அது எதிரிலுள்ள நரம்பணுவைக் கிளர்வூட்டுவது.

கிளர்வூட்டுதல் மட்டுமே இவ்விழைகளின் விளைவு அன்று. சுண்டெலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளின்படி, இதே இழைகள் புறணியில் உள்ள தடுப்பு நரம்பணுக்களையும் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட தடுப்பு நரம்பணுக்கள் அருகிலுள்ள கூம்பு நரம்பணுக்களை உடனடியாக அடக்குகின்றன. ஆகவே தலாமசிலிருந்து வரும் ஒரு துடிப்பு, புறணியை ஒரு கணம் கிளர்த்திப் பின் அடக்குகிறது. எந்தக் கணத்தில் எந்த நரம்பணு இயங்கலாம் என்ற நேர ஒழுங்கு இதனால் உண்டாகிறது.

புறணியிலிருந்து தலாமசுக்கு

திரும்பி வரும் பாதை ஒன்றன்று, இரண்டு. புறணியின் ஆறாம் அடுக்கிலிருந்தும் ஐந்தாம் அடுக்கிலிருந்தும் தனித்தனியாக இழைகள் தலாமசுக்கு வருகின்றன.

ஆறாம் அடுக்கிலிருந்து வரும் இழைகளே எண்ணிக்கையில் மிகுதி. இவை மெல்லியவை; சிறிய முனைகளில் முடிபவை. தலாமச நரம்பணுவின் கிளைகளில் உடலிலிருந்து விலகிய இடங்களில் இவை இணைகின்றன. இவற்றின் தாக்கம் மென்மையானது. ஐந்தாம் அடுக்கிலிருந்து வரும் இழைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் தடித்த, பெரிய முனைகள் கொண்டவை. நரம்பணு உடலுக்கு அருகில் இணைந்து வலுவாகத் தாக்குபவை. இவ்விழைகளின் கிளைகள் தலாமசுடன் நிற்காமல் நடுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் செல்கின்றன.

முரே செர்மன், ரேமண்ட் கில்லரி ஆகியோர் 1998 ஆம் ஆண்டில் இத்தகைய வேறுபாட்டை ‘இயக்கிகள்’, ‘பண்பேற்றிகள்’ என்று வகைப்படுத்தினர். ஐந்தாம் அடுக்கு இழை செய்தியையே சுமந்து வருவதால் இயக்கி; ஆறாம் அடுக்கு இழை அச்செய்தி எவ்வளவு எளிதாகக் கடந்து செல்லலாம் என்பதை மாற்றியமைப்பதால் பண்பேற்றி. வானொலிப் பெட்டியில் பாடல் நிலையத்திலிருந்து வருகிறது. ஒலி அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் திருகியின் வேலை. இயக்கிக்கும் பண்பேற்றிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வாறு புரிந்துகொள்ளலாம்.

இந்த வகைப்பாட்டின்படி தலாமசின் கருத்திரள்கள் இருவகைப்படும். கண், காது போன்ற புலன்களிலிருந்து இயக்கிச் செய்தியைப் பெறுபவை முதல்நிலைக் கருத்திரள்கள். புறணியிலிருந்தே இயக்கிச் செய்தியைப் பெற்று மீண்டும் புறணிக்கு அனுப்புபவை உயர்நிலைக் கருத்திரள்கள். நடுமுதுகுக் கருத்திரள் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. புறணி தனக்குள் பேசிக்கொள்வதற்குத் தலாமசையும் ஒரு வழியாகப் பயன்படுத்துகிறது என்பது இதன் பொருள். வெறும் இடைநிலையம் என்ற கருத்து இங்கே பொருந்தாமல் போகிறது.

வலைக் கருத்திரளின் தடுப்பு

எலியின் தலாமசில், பார்வைக்குரிய கருத்திரளைத் தவிர மற்றவற்றில் உள்ளூர்த் தடுப்பு நரம்பணுக்கள் மிகக் குறைவு. நடுமுதுகுக் கருத்திரளுக்குத் தேவையான தடுப்பு வெளியிலிருந்தே வருகிறது. அதன் முக்கிய மூலம் வலைக் கருத்திரள். தலாமசின் வெளிப்பக்கத்தை மெல்லிய உறைபோல் போர்த்தியிருக்கும் இதன் நரம்பணுக்கள் காபா என்ற தடுப்பு வேதிப்பொருளை வெளியிடுகின்றன.

ஆறாம் அடுக்கிலிருந்து தலாமசுக்கு வரும் இழைகள் வழியில் வலைக் கருத்திரளுக்கும் கிளைகளை விடுகின்றன. ஐந்தாம் அடுக்கு இழைகள் பொதுவாக அவ்வாறு விடுவதில்லை. இதனால் ஆறாம் அடுக்கு, தலாமச நரம்பணுவை நேரடியாகத் தூண்டவும், வலைக் கருத்திரள் வழியாக அதனையே அடக்கவும் வல்லதாகிறது. 1984 ஆம் ஆண்டில் பிரான்சிசு கிரிக், கவனம் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதை வலைக் கருத்திரள் தேடுவிளக்கைப் போல நெறிப்படுத்தலாம் என்ற கருதுகோளை முன்வைத்தார். டி. என். ஏ. மூலக்கூற்றின் அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான கிரிக், தம் பிற்காலத்தில் மூளை ஆய்வில் ஈடுபட்டவர்.

அடித்தள நரம்புமுடிச்சுகளும் நடுமுதுகுக் கருத்திரளுக்குத் தடுப்பு இழைகளை அனுப்புகின்றன. முன்நெற்றிப் புறணி அடித்தள நரம்புமுடிச்சுகளுக்குச் செய்தி அனுப்ப, அவை தலாமசை அடக்கவோ விடுவிக்கவோ, தலாமசு மீண்டும் புறணியைத் தூண்டுகிறது. நேரடிச் சுற்றுடன் பின்னிப் பிணைந்த இரண்டாவது சுற்று இது.

பிற கருத்திரள்கள்

நடுமுதுகுக் கருத்திரளைத் தவிர நடுக்கோட்டில் உள்ள சிறு கருத்திரள்களும் முன்நெற்றிப் புறணியுடன் இணைந்துள்ளன. அவற்றுள் இரண்டு எலிகளில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன.

ரியூனியன்சு கருத்திரளின் பெயர், ஒன்றுசேர்க்கும் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நினைவுக்கும் இடமறிதலுக்கும் முக்கியமான ஹிப்போகாம்பசு, நடு முன்நெற்றிப் புறணிக்கு நேரடியாக வலுவான இழைகளை அனுப்புகிறது. ஆனால் திரும்பி வரும் நேரடிப் பாதை மிகவும் மெலிந்தது. அந்த இடைவெளியை நிரப்புவது ரியூனியன்சு. இது முன்நெற்றிப் புறணியிலிருந்து செய்தியைப் பெற்று, ஹிப்போகாம்பசின் சிஏ1 பகுதிக்கு இழைகளை அனுப்புகிறது. ஹிப்போகாம்பசுக்குச் செல்லும் இப்பாதையை எலியில் 1978 ஆம் ஆண்டில் ஹெர்கன்ஹாம் விவரித்தார்.

பாராவென்ட்ரிகுலர் கருத்திரள் தலாமசின் மேற்புறத்தில், மூன்றாம் மூளையறையை ஒட்டி அமைந்துள்ளது. பிரிலிம்பிக், இன்ஃப்ராலிம்பிக் பகுதிகளிலிருந்து இழைகளைப் பெற்று, அமிக்டலாவின் மையப் பகுதி உட்பட உணர்ச்சித் தொடர்புடைய இடங்களுக்கு அனுப்புகிறது.

ஆய்வு முறைகளின் வளர்ச்சி

இவ்விணைப்புகளைப் பற்றிய அறிவு, இழைகளைத் தேடும் நுட்பங்களின் வளர்ச்சியோடு சேர்ந்தே வளர்ந்தது. தொடக்கத்தில் மூளையின் ஓரிடத்தைச் சிதைத்து, சிதைவடையும் இழைகளைச் சாயமேற்றிப் பார்ப்பதே வழி. இதில் ஒரு குறை உண்டு. சிதைக்கப்பட்ட இடத்தின் வழியே கடந்து செல்லும் வேறு இழைகளும் சேர்ந்து அழிவதால், இழை எங்கிருந்து புறப்பட்டது என்பதில் குழப்பம் ஏற்படும்.

1970களில் நரம்பணு தானே பொருள்களைத் தன் இழை வழியே கடத்தும் இயல்பு பயன்படுத்தப்பட்டது. கதிரியக்கமுள்ள அமினோ அமிலத்தைச் செலுத்தினால் நரம்பணு உடல் அதனை எடுத்து இழையின் முனை வரை அனுப்பும். குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேசு என்ற நொதியைச் செலுத்தினால் இழையின் முனை அதனை எடுத்து உடல் வரை திருப்பிக் கடத்தும். முதல் முறை இழை எங்கே செல்கிறது என்பதையும், இரண்டாவது அது எங்கிருந்து வருகிறது என்பதையும் காட்டியது.

2000க்குப் பிறகு, பாதையைப் பார்ப்பதிலிருந்து அதனை நிறுத்திப் பார்ப்பதற்கு ஆய்வு நகர்ந்தது. ஒளிமரபியலில், ஒளிபட்டால் இயங்கும் புரதம் ஒன்றை நச்சுயிரி வழியாகக் குறிப்பிட்ட நரம்பணுக்களில் உருவாக்கி, மெல்லிய ஒளியிழையால் அவற்றை இயக்கவோ அடக்கவோ முடியும். வேதிமரபியலில் ஒளிக்குப் பதிலாக ஒரு மருந்து இப்பணியைச் செய்கிறது. இவற்றால், தலாமசிலிருந்து புறணிக்குச் செல்லும் இழைகளை மட்டுமோ, திரும்பி வருபவற்றை மட்டுமோ தற்காலிகமாக நிறுத்த முடிகிறது. சுற்றின் இரு திசைகளுக்கும் ஒரே பணியா என்ற கேள்விக்கு விடை தேட இதுவே வழி திறந்தது.

செயல்பாடு

சற்றுமுன் அறிந்ததை நினைவில் வைத்துப் பயன்படுத்துதல்

புளோரெசுகோ குழுவினர் 1999 ஆம் ஆண்டில் எலிகளில் செய்த ஆய்வு இவ்விணைப்பின் பங்கை எளிமையாகக் காட்டுகிறது. நடுவிலிருந்து எட்டுக் கைகள் பிரியும் புதிர்ப்பாதையில் முதலில் நான்கு கைகள் மட்டும் திறந்திருக்கும். எலி அவற்றிலுள்ள உணவை உண்ணும். அரை மணி நேரம் கழித்து எட்டும் திறக்கப்படும். இப்போது உணவு, முன்பு மூடியிருந்த நான்கில் மட்டுமே இருக்கும். எங்கே சென்றோம் என்பதை எலி நினைவில் வைத்திருந்தால் தவறின்றிச் செல்லும்.

மூளையின் ஒரு பக்கத்தில் முன்நெற்றிப் புறணியையும், மறுபக்கத்தில் நடுமுதுகுக் கருத்திரளையும் மரத்துப்போகச் செய்தபோது எலிகள் தடுமாறின. இரு பகுதிகளும் ஒவ்வொரு பக்கத்தில் நலமாகவே இருந்தன. ஆனால் எந்தப் பக்கத்திலும் இரண்டும் சேர்ந்து இயங்க முடியவில்லை. இவ்விணைப்பு பெரும்பாலும் ஒரே பக்கத்தில் நிகழ்வதால், பகுதிகள் தனித்தனியே இருந்தால் போதாது, அவற்றுக்கிடையிலான தொடர்பே தேவை என்பதை இது உணர்த்தியது.

செயலும் பலனும்

பிரான்சின் போர்தோ நகர ஆய்வாளர்கள் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இரு திசைகளையும் வேதிமரபியலால் பிரித்துப் பார்த்தது. நெம்புகோலை அழுத்தினால் உணவு கிடைக்கும் என்று பழகிய எலியிடம் இரண்டு வகைச் சோதனைகள் செய்யலாம். முதலாவது, ஒரு வகை உணவை வயிறு நிறையக் கொடுத்து அதன் மதிப்பைக் குறைப்பது. நலமான எலி அவ்வுணவுக்கான நெம்புகோலை அழுத்துவதைக் குறைத்துக்கொள்ளும். இரண்டாவது, அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் உணவு கிடைக்கும்படி செய்து, செயலுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பை அறுப்பது. நலமான எலி இதையும் உணர்ந்துகொள்ளும்.

உணவின் மதிப்பு மாறியதற்கேற்ப நடந்துகொள்ள இரு திசைப் பாதைகளும் தேவைப்பட்டன. ஆனால் செயலுக்கும் பலனுக்கும் இடையிலான காரணத் தொடர்பை உணர்வதற்குத் தலாமசிலிருந்து புறணிக்குச் செல்லும் பாதை மட்டுமே தேவைப்பட்டது. ஒரே சுற்றின் இரு பாதிகளும் ஒரே பணியைச் செய்வதில்லை என்பதற்கு இது தெளிவான சான்று.

செல்லும் வழியைத் தீர்மானித்தல்

2015 ஆம் ஆண்டில் நார்வேயில் மோசர் இணையரின் குழு, டி வடிவப் புதிர்ப்பாதையில் இடமும் வலமும் மாறி மாறித் திரும்பும் எலிகளை ஆராய்ந்தது. இரு பயணங்களுக்கும் பொதுவான நடுப்பாதையில் எலி ஓடும்போதே, அடுத்து எப்பக்கம் திரும்பப்போகிறது என்பதைப் பொறுத்து ஹிப்போகாம்பசின் சிஏ1 நரம்பணுக்களின் துடிப்பு மாறியது. ரியூனியன்சு கருத்திரளிலும் இம்மாற்றம் காணப்பட்டது. அக்கருத்திரளை நிறுத்தியபோது சிஏ1இல் இவ்வேறுபாடு குறைந்தது. எங்கே இருக்கிறோம் என்ற அறிவோடு, எங்கே போகப்போகிறோம் என்ற திட்டத்தை இணைப்பதில் முன்நெற்றிப் புறணி – தலாமசு – ஹிப்போகாம்பசு பாதைக்குப் பங்குண்டு என அவர்கள் முடிவு செய்தனர்.

அச்ச நினைவு

ஓர் ஒலியைத் தொடர்ந்து மின்னதிர்ச்சி பெற்ற எலி, பின்னர் அவ்வொலியைக் கேட்டாலே உறைந்து நிற்கும். 2015 ஆம் ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோவில் டோ-மான்டே, குவிர்க் உள்ளிட்டோர் செய்த ஆய்வில், 6 மணி நேரத்துக்குப் பிறகு இந்நினைவை மீட்கப் பிரிலிம்பிக் பகுதியிலிருந்து அமிக்டலாவுக்கு நேரே செல்லும் பாதை தேவைப்பட்டது. 7 நாட்களுக்குப் பிறகோ, பிரிலிம்பிக் பகுதியிலிருந்து பாராவென்ட்ரிகுலர் கருத்திரளுக்குச் செல்லும் பாதை தேவைப்பட்டது. நினைவு அதேதான், நாளடைவில் அதை மீட்கும் வழி தலாமசுக்கு மாறிவிட்டது.

சுண்டெலி ஆய்வுகள்

மரபணு மாற்றப்பட்ட விலங்குகள் எளிதில் கிடைப்பதால், அண்மைக்கால ஆய்வுகள் பல சுண்டெலிகளில் நடந்துள்ளன. 2017 ஆம் ஆண்டில் வெளியான இரண்டு ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. போல்கன் உள்ளிட்டோரின் ஆய்வில், காத்திருக்கும் நேரத்தில் நினைவைத் தக்கவைக்கத் தலாமசிலிருந்து புறணிக்குச் செல்லும் பாதையும், பின்னர் அதைக் கொண்டு தெரிவு செய்யும் கணத்தில் புறணியிலிருந்து தலாமசுக்குச் செல்லும் பாதையும் தேவைப்பட்டன. சுமித்து, ஹலாசா உள்ளிட்டோரின் ஆய்வில், சுண்டெலி பின்பற்ற வேண்டிய விதி எது என்ற செய்தியைப் புறணி நரம்பணுக்களே தாங்கியிருந்தன. நடுமுதுகுக் கருத்திரள் அச்செய்தியைச் சுமக்கவில்லை. புறணி நரம்பணுக்களுக்கு இடையிலான தொடர்பை வலுப்படுத்தி, அச்செய்தி மறையாமல் காத்தது. எலி ஆய்வுகளின் முடிவுகளுடன் இவை ஒத்துப்போனாலும், இனம் வேறு என்பதால் அப்படியே எலிக்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது.

மனித மருத்துவத்துடன் தொடர்பு

இவ்விணைப்பின் வரலாற்றில் துயரமான பக்கம் ஒன்றும் உண்டு. 1935 ஆம் ஆண்டில் போர்த்துகலின் எகாசு மோனிசு, மனநோயாளிகளின் நெற்றி மடலிலுள்ள வெள்ளை இழைகளைத் துண்டிக்கும் அறுவை முறையைத் தொடங்கினார். அமெரிக்காவில் வால்டர் ஃபிரீமன், ஜேம்சு வாட்சு ஆகியோர் இதனை லோபாட்டமி என்ற பெயரில் பரப்பினர். தலாமசுக்கும் நெற்றி மடலுக்கும் இடையிலான இழைகளை வெட்டினால் வேதனை தரும் எண்ணங்களின் உணர்ச்சிச் சுமை நீங்கும் என்று அவர்கள் கருதினர். இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தபோது, துண்டிக்கப்பட்ட இழைகளுக்குரிய நடுமுதுகுக் கருத்திரளின் நரம்பணுக்கள் சிதைந்திருப்பதைக் கண்டு 1947 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மோனிசுக்கு 1949 ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் பல்லாயிரக்கணக்கானோர் இச்சிகிச்சைக்கு உள்ளாயினர். அவர்களுள் பலர் முனைப்பும் உணர்வும் குன்றியவர்களாயினர். 1950களில் மனநோய் மருந்துகள் வந்த பிறகே இம்முறை பெருமளவு கைவிடப்பட்டது. எலியில் லியோனார்டு இவ்விழைகளின் வரைபடத்தை வெளியிட்டது அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

இன்று இவ்விணைப்பு அதிகம் பேசப்படுவது மனச்சிதைவு நோய் தொடர்பாகவே. 1990 ஆம் ஆண்டில் பெண்டே பாக்கென்பெர்க், இறந்த மனச்சிதைவு நோயாளிகளின் நடுமுதுகுக் கருத்திரளில் நரம்பணுக்கள் வெகுவாகக் குறைந்திருப்பதாக அறிவித்தார். பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதனை உறுதிப்படுத்தவில்லை. மாறாக, உயிருள்ள நோயாளிகளின் மூளைப் படிமங்களில் தலாமசுக்கும் முன்நெற்றிப் புறணிக்கும் இடையிலான ஒத்தியக்கம் குறைந்திருப்பது 2012 முதல் பல குழுக்களால் காட்டப்பட்டுள்ளது. ஒத்தியக்கக் குறைவு நோயின் காரணமா, விளைவா என்பதைப் படிமத்தால் மட்டும் சொல்ல இயலாது. பாதையை நிறுத்தி விளைவைப் பார்க்கும் ஆய்வு எலி, சுண்டெலி போன்ற விலங்குகளில்தான் இயலும் என்பதால், அவற்றின் தேவை இங்கே எழுகிறது.

ஒப்பீட்டின் எல்லைகள்

எலி ஆய்வுகளை மனிதருக்குப் பொருத்தும்போது மூன்று நிலைகளைப் பிரித்தறிவது பயன் தரும். முதலாவது, இணைப்பின் பொது அமைப்பு. நடுமுதுகுக் கருத்திரளுக்கும் நெற்றி மடலின் முன்பகுதிக்கும் இருதிசை இணைப்பு உண்டு, திரும்பும் இழைகள் ஐந்தாம், ஆறாம் அடுக்குகளிலிருந்து வருகின்றன, வலைக் கருத்திரள் அவற்றைக் கட்டுப்படுத்துகிறது என்பவை பாலூட்டிகளில் பரவலாகக் காணப்படுபவை. இந்நிலையில் ஒப்பீடு வலுவானது.

இரண்டாவது, பகுதிக்குப் பகுதி நிகர்நிலை. எலியின் பிரிலிம்பிக் பகுதி மனித மூளையின் எப்பகுதிக்கு இணை என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. 2018 ஆம் ஆண்டில் லௌபாக் உள்ளிட்டோர், கொறித்துண்ணிகளின் நடு முன்நெற்றிப் புறணி என்ற சொல்லையே ஆய்வாளர்கள் வெவ்வேறு எல்லைகளுடன் பயன்படுத்துவதைச் சுட்டிக்காட்டினர். ஒரே சொல்லால் வெவ்வேறு இடங்கள் குறிக்கப்படும்போது, இரு ஆய்வுகளின் முடிவுகள் முரண்படுவதுபோல் தோன்றக்கூடும்.

மூன்றாவது, செயல்பாட்டு நிகர்நிலை. எலி புதிர்ப்பாதையில் அரை மணி நேரம் நினைவு வைத்திருப்பதும், மனிதர் ஒரு வாக்கியத்தை முடிக்கும் வரை அதன் தொடக்கத்தை நினைவில் வைத்திருப்பதும் ஒரே செயல் அல்ல. மனிதரிலும் குரங்கிலும் மணியடுக்குள்ள முன்நெற்றிப் பகுதிகள் விரிந்துள்ளன. அவற்றுக்கு நிகரானவை எலியில் காணப்படவில்லை. ஆகவே, சுற்று எவ்வாறு இயங்குகிறது என்ற கேள்விக்கு எலி நம்பத்தக்க விடையைத் தருகிறது. அச்சுற்றைக் கொண்டு மனிதர் எதையெல்லாம் செய்கிறார் என்பதை மனிதரிடமே ஆராய வேண்டியுள்ளது.